விளக்கெரிந்தால் மைக் பேசாது

சாங்வி தென்னிந்தியக் கலாபிவிருத்தி சபாவில் மேடையில் இருப்பவரைப் பார்க்கலாம். அல்லது அவர் பேசுவதைக் கேட்கலாம். இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. "மத்த சபாக்கள்லே ரெண்டையும் பண்ணி என்னத்தைக் கிழிச்சுட்டா?" என்று தலைவர் பட்டாபிராமன் கேட்பார். அவர் ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கை சூப்பரின்டெண்டெண்ட். கேள்வி கேட்பதற்கென்றே முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவரிடம் யாரும் பதில் சொல்ல முயன்றதில்லை.

இந்த நிலைமைக்குக் காரணம் பாட்டரி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் பூனாவில் கரண்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கட்கிவரை வந்த கம்பி ஆற்றைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாங்வியில், வாடகை குறைவு என்பதற்காகக் குடியேறிய தமிழ்க் குமாஸ்தாக்கள் அரிக்கேன் விளக்கடியில் கலையை அபிவிருத்தி செய்துகொண்டிருந்தார்கள். அதைப் பொறுக்கமாட்டாமல் ஐந்தாறு வருஷத்துக்கு முன்பே பட்டாபிராமன் யுத்த உபரிச் சாமான் ஏலத்துக்குப் போய், ஆறு வோல்ட் பாட்டரி நாலும், பட்டாள லாரியிலிருந்து கழற்றிய விளக்குகள் ஒரு கூடையும் வாங்கிக் குதிரை டாங்காவில் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் விளக்குகளுக்கு இருபத்து நாலு வோல்ட் வேண்டும் என்று தெரிந்தது.

ஆகவே விளக்கெரிய வேண்டுமானால் நாலு பாட்டரியையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சீரீஸில் கோக்க வேண்டும். மைக் செட்டுக்கோ ஆறு வோல்ட்தான் ஆகும். அது பேச வேண்டுமானால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று நாலையும் பக்கத்தில் பக்கத்தில் பாரலலாக இணைக்க வேண்டும். செப்புப் பட்டைகளைக் கழற்றி மாற்றி முடுக்கினால் காரியம் முடிந்தது. மாற்ற மறந்தால் மைக் செட் முடிந்தது.

"ஒரு பாட்டரியை மட்டும் தனியா எனக்குக் குடுத்துருங்க சார். விளக்குக்கு ரெண்டு பெட்ரோமாக்ஸ் வச்சுக்கிட்டாப் போச்சு" என்று மைக் செட் யூசுஃப் முதல் வருஷமே யோசனை சொன்னார். நல்ல யோசனை என்பதால் அது உடனே தள்ளுபடியாயிற்று. பெட்ரோமாக்ஸ் காய்கறிச் சந்தைக்கு ஆகும், சபாவுக்கு ஆகாது என்றார் தலைவர். பாட்டரியைத் தனியாகக் கொடுப்பதற்கோ விதி குறுக்கே நின்றது. அதற்கும் சில வருஷங்களுக்கு முன் சபா இரண்டாக உடைந்தபோது, உடைத்துக்கொண்டு போனவர்கள் ஹார்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சபாவுக்கு மிஞ்சியது அதன் மரப்பெட்டி. அன்று கூடிய செயற்குழு, 'சபாவின் சொத்து எக்காரணம் கொண்டும் எவ்வகையிலும் பிரிக்கப்படலாகாது' என்று விதி எழுதி, அந்த மரப்பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டியது. நாலு பாட்டரி சபாவின் சொத்து. எனவே நாலும் எப்போதும் சேர்ந்தே இருந்தாக வேண்டும்.

இதனால் சபாவின் நிகழ்ச்சிகள் கலை முறைப்படி அல்லாமல் பாட்டரி முறைப்படி நடந்தன. இறைவணக்கம் இருட்டில் கணீரென்று கேட்கும். மாலை போடுவது ஜகஜ்ஜோதியாகத் தெரியும். யார் யாருக்குப் போடுகிறார், ஏன் போடுகிறார் என்று கேட்காது. சொற்பொழிவு மறுபடி இருட்டில். நாடகம் வெளிச்சத்தில். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்கள், கதாநாயகி ஏன் அழுதாள் என்பதை மறுநாள் பஸ்ஸில் முன்வரிசைக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

பட்டையை மாற்றும் பொறுப்பு ஜம்புநாதனுடையது. அவன் பதவியின் பெயர் 'மின்கல உபகாரியதரிசி'. கட்கியில் ஒரு சர்க்கார் டெப்போவில் அவன் கீழ்நிலைக் குமாஸ்தா. அதே டெப்போவில் ஹெட்கிளார்க்காக இருந்து அவனை மேய்த்த சுந்தரராமன்தான் சபாவின் காரியதரிசியும். ஒரு நாள் சுந்தரராமனின் டார்ச் எரியவில்லை. உள்ளே தலைகீழாகக் கிடந்த செல்லை ஜம்பு திருப்பிப் போட்டுக் கொடுத்தான். அந்த வாரமே அவனை மின்சார நிபுணன் என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள்.

அவனாகப் பட்டையைத் தொட்டுவிட முடியாது. நிகழ்ச்சி நிரல்படி முன்கூட்டியே எழுதித் தலைவர் கையெழுத்திட்ட சீட்டு வர வேண்டும். விளக்குக்கு ஒரு சீட்டு, மைக்குக்கு ஒரு சீட்டு. இருட்டில் படிக்க முடியாதே என்று மைக் சீட்டில் ஒரு மூலையைக் கிழித்திருப்பார்கள். சீட்டைத் தடவிப் பார்த்து, விளக்குக்கும் மைக்குக்கும் பொதுவான சுவிட்சின் கைப்பிடியை இரண்டிலும் சேராத நடுவுக்குக் கொண்டுவந்து, பட்டைகளை மாற்றி, கைப்பிடியை மைக் பக்கமோ விளக்குப் பக்கமோ தள்ளிவிட்டு, "ஆச்சு சார்!" என்று அவன் குரல் கொடுக்க வேண்டும். காரியதரிசி அதை வெளிச்சம் வந்ததும் நடவடிக்கைப் புத்தகத்தில் 'மாற்றப்பட்டது' என்று ஏற்றுவார். இத்தனையும் மேடைக்குப் பின்னால், படுதாவுக்குள். ஐந்து வருஷம் சபாவுக்கு உழைத்தும் ஜம்பு ஒரு தடவைகூட மேடையேறியதில்லை. அதைப் பற்றித் தனக்குக் குறையொன்றும் இல்லை என்று மனைவி ஆனந்தவல்லியிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷப்பிறப்பு விழா தகரக் கொட்டகை போட்ட மராட்டிப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. யூசுஃப் வழக்கம்போல் மைக் செட்டைக் கொண்டுவந்திருந்தார். அவர் கீழக்கரைக்காரர். கட்கி பஜாரில் சின்னக் கடை. ஆம்ப்ளிஃபயரைத் தாமே தகட்டில் சேஸிஸ் வெட்டி, வால்வு மாட்டிச் செய்திருந்தார். பூனாவில் தமிழர்கள் வீட்டுக் கல்யாணம், மாரியம்மன் கூழ், நிக்காஹ், எதுவானாலும் யூசுஃப் செட்தான். "பாய் செட்ல பேசினா நம்ம குரல் நமக்கே பிடிக்கும்" என்பார்கள்.

மாலை மரியாதை முடிந்தது. அடுத்தது தலைவர் உரை. மூலை கிழிந்த சீட்டு வந்தது. ஜம்பு கைப்பிடியைப் பிடித்து இழுத்தான், விளக்குகள் அணைந்தன. பட்டையில் கை வைக்கப் போகும்போது போட்டோக்காரன், "ஏக் மினிட் சாப், க்ரூப் போட்டோ! சப்லோக் ஆஜாவ்!" என்று எல்லோரையும் மேடைக்கு வரச்சொல்லிக் கத்தினான். அவனிடம் பளிச்சென்று வெடிக்கும் பல்பு இருந்ததால் அவனுக்கு இருட்டு ஒரு பொருட்டில்லை. மேடையிலிருந்து தலைவர் குரல் வந்தது.

"எங்கே அந்த ஜம்பு? ஓய், நீரும் வந்து நில்லும்!"

ஐந்து வருஷத்தில் முதல் அழைப்பு. ஜம்பு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான். வரிசையின் ஓரத்தில், காரியதரிசிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. சுந்தரராமன் கையில் பேனாவுடன், "மாத்தியாச்சா?" என்றார்.

இல்லை என்றால் திரும்பிப் போக வேண்டும். போய்விட்டு வருவதற்குள் பல்பு வெடித்துவிடும்.

"ஆச்சு சார்" என்றான் ஜம்பு.

அவசரத்தில் கைப்பிடியை நடுவில் நிறுத்தாமல் ஒரேயடியாக மைக் பக்கம் இழுத்துவிட்டு வந்தது அந்தக் கணத்தில் அவனுக்கு நினைவில்லை. 'ஆச்சு' என்ற குரலைக் கேட்டு யூசுஃப் தன் செட்டின் சுவிட்சைப் போட்டார். ஆறு வோல்ட் குடிக்கும் செட்டுக்குள் இருபத்து நாலு வோல்ட் பாய்ந்தது. "பேரன்பு மிக்க" என்று தலைவர் ஆரம்பித்தார். ஒலிபெருக்கி ஒரு உறுமல் உறுமி, கீச்சென்று ஊளையிட்டு அடங்கிவிட்டது. கருகல் நாற்றம் கொட்டகை முழுவதும் பரவியது. போட்டோக்காரன் பல்பை வெடித்தான்.

அதன் பிறகு ஜம்பு செய்ததுதான் அவனாலேயே நம்ப முடியாத காரியம். எல்லோரும் "என்னாச்சு, என்னாச்சு" என்று தடுமாறிக்கொண்டிருக்கையில் அவன் படுதாவுக்குள் ஓடினான். கைப்பிடியை நடுவுக்கு இழுத்தான். பட்டைகளையெல்லாம் இருட்டிலேயே பாரலலுக்கு மாற்றி முடுக்கினான். ஒரு திருகுகூடத் தவறவில்லை. யூசுஃப் டார்ச்சோடு வந்து பார்த்தபோது பாட்டரி சாஸ்திரோக்தமாக, மைக்குக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

யூசுஃப் அதையே வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பட்டையெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று மெல்லச் சொன்னார். "அப்ப எங்கிட்டதான் எதோ தப்பு."

மறு ஞாயிறு விசாரணைக் குழு கூடியது. அதில் மூன்று இடம். தலைவர், காரியதரிசி, இருவரும் ஒத்துப்போகாவிட்டால் தீர்ப்புச் சொல்ல மறுபடியும் தலைவர். சாட்சியமாக க்ரூப் போட்டோ வைக்கப்பட்டது. அதில் எல்லா நிர்வாகிகளும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, பின்னால் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?" என்றார் பட்டாபிராமன். "சம்பவ சமயத்துலே சபாவோட நிர்வாகிகள் அத்தனை பேரும் மேடையிலே இருந்திருக்கா. ஒருத்தராவது அவரவர் வேலையைப் பார்த்துண்டு இருந்ததா போட்டோவிலே இருக்கோ? இல்லை. அதனாலே நம்மாலே தப்பு நடந்திருக்க வழியே இல்லை."

தீர்மானம் நிறைவேறியது. 'யூசுஃப் என்பவரின் ஒலிபெருக்கிச் சாதனம் கோளாறுடையது; சகோதர சபாக்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது' என்று சைக்ளோஸ்டைல் பிரதி எடுத்து, பூனாவில் உள்ள எல்லாத் தென்னிந்திய சபாக்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் அனுப்பினார்கள். சைக்ளோஸ்டைல் எடுத்தது ஜம்பு. கவரில் விலாசம் எழுதியதும் அவன்தான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. யூசுஃப் புதவார் பேட்டையில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக்கொண்டு வந்து செட்டைச் சரிசெய்துவிட்டார் என்று கேள்விப்பட்டான். சரிசெய்து என்ன, கூப்பிட ஆளில்லை. ஆடி மாசம் மாரியம்மன் கூழுக்கு வேறு செட் வந்தது. கல்யாணங்களுக்கும் வேறு செட். ஜம்பு ஆபீஸ் விட்டு வரும்போது கட்கி பஜார் வழியாக வராமல் சுற்றிக்கொண்டு வர ஆரம்பித்தான். மழையில் அந்த வழி முழங்கால் சேறு.

எல்லாவற்றையும் ஆனந்தவல்லியிடம் சொன்னான். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்; திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். "எங்கிட்டே சொல்லி என்ன ஆகணும்?" என்று மட்டும் கேட்டாள். "பாய்கிட்டே போய்ச் சொல்லுங்கோ."

போனான். யூசுஃப் கடையில் ஆம்ப்ளிஃபயரைக் கவிழ்த்துப் போட்டு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேலையும் இல்லாத கடைக்கே உரிய சுத்தம் அங்கே இருந்தது.

"வாங்க சார், வாங்க" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார். "நல்ல வேளை வந்தீக. நானும் இதைப் பத்துத் தடவை பிரிச்சுப் பாத்துட்டேன். எங்க தப்பு விட்டேன்னு தெரியமாட்டேங்குது. நீங்களும் அன்னைக்குப் பாத்தீகள்ல? பட்டை சரியாத்தானே இருந்துச்சு?"

ஜம்பு வாயைத் திறந்தான். 

"சரியாத்தான் இருந்தது பாய்" என்றான்.

"அதான் சார். நம்ம கை மேல நமக்கே நம்பிக்கை போயிருச்சுன்னா அப்புறம் இந்தத் தொழில்ல என்ன இருக்கு?" யூசுஃப் மறுபடி குனிந்துகொண்டார். "எனக்கு சபாக்காரங்க ஒண்ணும் தர வேணாம். செட்டுல கோளாறு இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். ஆனா கோளாறு இருந்தா எப்படிக் கேக்குறது? அதான் தேடிக்கிட்டே இருக்கேன்."

ஜம்பு வெளியே வந்து பாலத்தருகே நின்று தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான். நேரே பட்டாபிராமன் வீட்டுக்குப் போனான். அவர் சாய்வு நாற்காலியில் சபாவின் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், தப்பு என்னோடது. பட்டையை மாத்தாமலே ஆச்சுன்னு சொல்லிட்டேன். ஆறு வோல்ட் போக வேண்டிய இடத்துலே இருபத்து நாலு போயிடுத்து."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதாவது, போக வேண்டியதைவிட நாலு மடங்கு போயிருக்கு."

"ஆமாம் சார்."

"குறைச்சுக் கொடுத்திருந்தா சபா பேரிலே குத்தம் சொல்லலாம். நாம நாலு மடங்கு கொடுத்திருக்கோம் ஓய்! கொடுத்ததைத் தாங்கிக்கத் தெரியலேன்னா அது வாங்கிண்டவன் கோளாறு. தீர்மானம் இன்னும் பலமாத்தான் ஆறது."

"சார், பாய் தொழிலே போயிடுத்து சார்."

"இருக்கட்டும். நீர் மாத்தலேன்னு சொல்றீர். புஸ்தகத்திலே 'மாற்றப்பட்டது'ன்னு இருக்கு. செயற்குழு அங்கீகாரம் பண்ணின புஸ்தகம். அப்போ சுந்தரராமன் பொய் எழுதினார்ங்கிறீரா? அவர் உமக்கு ஆபீஸ்லே ஹெட்கிளார்க். யோசிச்சுச் சொல்லும்."

ஜம்பு யோசித்தான். வேலை, வாடகை வீடு, மகள் நீலாவின் பள்ளிக்கூடம் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. யோசித்து முடித்தபோது தலைவர் மறுபடி விதியில் ஆழ்ந்துவிட்டிருந்தார்.

பதவியாவது வேண்டாம் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தான். செயற்குழுவில் சுந்தரராமன் அதை எடுத்தார்.

"பொறுப்பேத்துண்டப்போ நாலு பாட்டரி எண்ணி வாங்கிண்டீர். அதே நாலைத் திருப்பிக் கொடுத்தாத்தான் விடுவிக்க முடியும். இப்போ பாட்டரி எப்படி இருக்கு?"

"விளக்குக்குக் கோத்திருக்கு சார். சீரீஸ்லே."

"வெளியிலே எத்தனை கம்பி வரது?"

"ரெண்டு சார்."

"ரெண்டு கம்பி வந்தா ஒரு பாட்டரி. பாக்கி மூணு எங்கே?"

"அதுக்குள்ளேயேதான் சார் இருக்கு."

"அப்போ பிரிச்சு எண்ணிக் காட்டும்."

"பிரிக்கப்படாதுன்னு விதி இருக்கே சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சுந்தரராமன் திருப்தியோடு உட்கார்ந்தார்.

சீரீஸில் இருக்கும்போது பாட்டரி ஒன்றா நாலா என்று ஆராய ஒரு உபகுழு அமைக்கப்பட்டது. அது முடிவு சொல்லும்வரை ராஜினாமா நிலுவையில் இருக்கும். நிலுவையில் உள்ளவரை வெறுமனே விடக்கூடாது என்று அவனுக்கு 'உப' என்பதை நீக்கி மின்கலக் காரியதரிசியாகப் பதவி உயர்வு தந்தார்கள். தப்பை ஒத்துக்கொள்ளப் போகும்போதெல்லாம் தனக்கு ஏதாவது நல்லது நடந்துவிடுவது ஜம்புவுக்குப் பயத்தைக் கொடுத்தது.

விஜயதசமி விழா வந்தது. பூனாவின் கேம்ப் பகுதியிலிருந்து வேறு மைக் செட் பேசியிருந்தார்கள். மாலையில் ஜம்பு படுதாவின் ஓட்டை வழியாகக் கொட்டகையைப் பார்த்தான். முன்வரிசையில் ஆனந்தவல்லியும் நீலாவும். கடைசி வரிசைக்கும் பின்னால், தூணோரம் யூசுஃப் நின்றுகொண்டிருந்தார். அந்த ஒரு வரியைத் தலைவரிடம் கேட்கத்தான் வந்திருக்கிறார் போலிருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரி, விண்ணப்பம் கொடுக்க வந்தவரைப் போல் அடக்கமாக நின்றார். தன் செட்டைத் தூக்கிக்கொண்டு அதிகாரமாக உள்ளே வரும் யூசுஃப்பை மட்டுமே ஜம்பு அறிவான். 

மாலை மரியாதை முடிந்து மூலை கிழிந்த சீட்டு வந்தது. ஜம்பு கைப்பிடியை நடுவில் நிறுத்தி, பட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு திருகையும் மறுபடி தொட்டுப் பார்த்து, கைப்பிடியைத் தள்ளினான். "ஆச்சு சார்!" மைக் உயிர் பெற்று மெல்ல இரைந்தது. தலைவருக்கு முழங்கால் வலி. நாற்காலியிலிருந்து எழுந்து இருட்டில் தடவித் தடவி மைக்குக்கு வர அவருக்கு நேரம் ஆகும்.

ஜம்பு படுதாவை விலக்கிக்கொண்டு மைக்கின் முன் வந்து நின்றான். எதிரே ஒரு முகமும் தெரியவில்லை. அதுவே தைரியம் கொடுத்தது.

"வருஷப்பிறப்பு அன்னிக்கு யூசுஃப் பாய் செட்டிலே ஒரு கோளாறும் இல்லை" என்றான். கொட்டகையின் நாலு மூலையிலிருந்தும் அவன் குரல் திரும்பி வந்தது. "பட்டையை மாத்தாமலே ஆச்சுன்னு பொய் சொன்னது நான். செட் எரிஞ்சப்புறம் இருட்டிலே திருட்டுத்தனமா மாத்தி வெச்சதும் நான். பாய் கையிலே தப்பில்லை. சபா போட்ட தீர்மானம் தப்பு."

சொல்லிவிட்டுப் படுதாவுக்குள் போய்விட்டான். உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. ஆனால் இத்தனை மாதத்தில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சின் அடிவரை போய் வந்தது.

கொட்டகை கொந்தளித்தது. "யாரு? யாருய்யா அது?" "விளக்கைப் போடுங்கோ!" பட்டாபிராமன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"அமைதி! விளக்குப் போடணும்னா சீட்டு எழுதணும். காரியதரிசி, சீட்டு எழுதும்."

"இருட்டிலே எப்படி சார் எழுதறது?" என்றது சுந்தரராமனின் குரல்.

"வெளிச்சம் வந்தப்புறம் எழுதலாமே?"

"வெளிச்சம் வர சீட்டு வேணுமே சார்!"

இது ஒலிபெருக்கி வழியாக சாங்வி முழுவதும் கேட்டது. கடைசியில் தலைவர், அடுத்த செயற்குழுவின் அங்கீகாரத்துக்கு உட்பட்டு, வாய்மொழியாக உத்தரவிட்டார். ஜம்பு பட்டைகளைச் சீரீஸுக்கு மாற்றினான். ஒவ்வொரு திருகையும் முடுக்கும்போது, விளக்கெரிந்ததும் வெளியே போய் நிற்கப் போகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். கைப்பிடியை விளக்குப் பக்கம் தள்ளினான். மைக் செத்தது, மேடை பளபளவென்று ஆகிவிட்டது.

"ஜம்பு! வெளியே வாரும்!"

அவன் மேடைக்கு வந்தான். பட்டாள விளக்குகள் கண்ணில் குத்தின. கொட்டகை நிறைய முகங்கள். பாட்டரிப் பட்டையைத் தொடும் ஆள் அந்தச் சபாவில் ஒருவன்தான் என்பது அத்தனை முகத்துக்கும் தெரியும். தலைவருக்கும் தெரியும். அவர் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"யாரோ ஒரு விஷமி இருட்டைப் பயன்படுத்திண்டு சபாவோட கௌரவத்தைக் கெடுக்கப் பார்த்திருக்கான். சொல்றது நெஜமானா வெளிச்சத்திலே வந்து சொல்லியிருப்பான்" என்றார். பிறகு, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் குரலில், "அது நீர் இல்லைன்னு எனக்குத் தெரியும். சுந்தரராமனுக்கும் தெரியும். சபையோருக்கு நீரே ஒரு வார்த்தை சொல்லிடும்" என்றார்.

சுந்தரராமன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜம்புவின் முகத்தைப் பார்த்தார். டெப்போவில் லீவு கேட்டுப் போய் நிற்கும்போது பார்க்கும் அதே பார்வை. முன்வரிசையில் ஆனந்தவல்லி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நீலா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்லை" என்றான் ஜம்பு.

மைக் இல்லாததால் அது மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. பின்னால் இருந்தவர்களுக்காகத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிக் காட்டினான். கொட்டகை கைதட்டியது. ஆனந்தவல்லி எழுந்து நீலாவைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

'அடையாளம் தெரியாத குரல்' என்று சுந்தரராமன் எழுதிக்கொண்டார். கேம்ப்பிலிருந்து வந்த செட்டும் தானாகப் பேசும் கோளாறுடையது என்று அடுத்த செயற்குழுவில் தீர்மானம் கொண்டுவரலாம் என்றார் தலைவர். நாடகம் தொடங்கியது. விளக்கிருந்தது, ஆகையால் அது யாருக்கும் கேட்கவில்லை.

ஜம்பு கொட்டகைக்குப் பின்னால் போய்க் கிணற்று மேடையில் உட்கார்ந்திருந்தான். யாரோ வரும் சத்தம் கேட்டது. யூசுஃப். ஜம்பு எழுந்து நின்றான். இரண்டு அறை விட்டால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். விட மாட்டாரா என்று ஏக்கமாகக்கூட இருந்தது.

"அந்தக் கேம்ப்காரரு ட்ரெபிளைக் கூட்டிக் கீச்சுக்குரலா வச்சிட்டாரு சார். நம்ம செட்டுல உங்க குரல் இன்னும் கனமா வரும்" என்றார் யூசுஃப்.

யூசுஃப் கிணற்று மேடையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"நான் பயந்தே போயிருந்தேன் சார். கை போயிருச்சு, கண்ணு போயிருச்சு, இனி நமக்குத் தொழில் இல்லன்னு எம் பொண்டாட்டி ஜொஹ்ராகிட்ட கூடச் சொல்லிட்டேன். வீட்டுக்குப் போனதும் முத வேலையா அவகிட்டச் சொல்லணும், நம்ம கையில தப்பில்லன்னு. இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவேன். ரொம்ப நன்றி சார்."

"பாய், நன்றியெல்லாம் சொல்லாதேங்கோ" என்றான் ஜம்பு. 

 யூசுஃப் முகத்தில் கோபம் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சார். இருட்டுல நீங்க சொன்னீக, நான் நம்பிட்டேன். வெளிச்சத்துல நீங்க தலையை ஆட்டுனீகளே, அதைத்தான் ஊரு பாத்துச்சு. நாளைக்குக் கடைக்கு வர்றவங்ககிட்ட நான் எதைச் சொல்றது?"

பதில் ஜம்புவுக்குத் தெரிந்தே இருந்தது. நாடகம் நடந்துகொண்டிருந்தது, விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, மேடைக்கு ஏழெட்டு அடிதான். வாயைத் திறந்தான்.

"ஜம்பு!" என்று படுதாவுக்குள்ளிருந்து சுந்தரராமன் கூப்பிட்டார். "மங்களத்துக்கு மைக் வேணும். சீட்டு வந்தாச்சு!"

"இதோ வந்துட்டேன் சார்" என்று ஜம்பு போனான்.